இங்கு அனைவரும் நலம்

‘இங்கு அனைவரும் நலம், அங்கு உன் நலமறிய அவா.’ கடல் கடந்து சென்ற உடன்பிறப்புக்குக் கடிதம் எழுதிய தமிழ்க் குடும்பங்களில் இவ்வரியை எழுதாத குடும்பம் அரிது. நீல நிற விமான அஞ்சலின் முதல் வரியாக அது நெடுங்காலம் வாழ்ந்தது. இன்று கடிதம் அருகிவிட்டது. கைப்பேசியில் முகம் பார்த்தே பேசுகிறோம். எனினும் அவ்வரி மட்டும் நம் நாவை விட்டு நீங்கவில்லை. வீட்டில் ஒருவர் காய்ச்சலில் கிடக்கும்போதும், கடன் கொடுத்தவர் திண்ணையில் அமர்ந்திருக்கும்போதும், ‘எல்லாரும் நன்றாக இருக்கிறோம்’ என்றே சொல்கிறோம். அன்பினால் சொல்லப்படும் இச்சொல் அன்புக்குத் துணை செய்கிறதா என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க விழைகிறேன்.

பெரம்பலூருக்குத் தெற்கே, திருச்சி நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது எங்கள் சிறுவாச்சூர். வானம் பார்த்த பூமி. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் ஆகியவையே இவ்வட்டாரத்து உழவரின் நம்பிக்கை. மழை பொய்த்தால் கிணறு வற்றும். மழை மிகுந்தால் பட்டறையில் சேர்த்து வைத்த வெங்காயம் அழுகும். 2018ஆம் ஆண்டில் படைப்புழு வந்து மக்காச்சோளக் குருத்தைத் தின்றபோது, மாவட்டம் முழுவதும் உழவர் கலங்கி நின்றனர். இத்தகைய மண்ணிலிருந்து இளைஞர்கள் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிப் போவதில் வியப்பில்லை. என் தம்பியும் அவ்வாறே குவைத்துக்குச் சென்றான்.

குவைத்தில் வெள்ளிக்கிழமை வார விடுமுறை. அங்குள்ள நம் மக்கள் பலர் வாரத் திருப்பலியில் பங்கேற்பதும் அன்றுதான். எங்கள் ஊரிலோ மதுரகாளியம்மன் கோயில் நடை திறக்கும் நாள்கள் திங்களும் வெள்ளியும். எனவே வெள்ளிதோறும் வெளியூர் வண்டிகளாலும், மாவிளக்குக்கு மாவு இடிக்க வரும் பெண்களாலும் ஊர் நிறைந்திருக்கும். திருப்பலி முடிந்து தம்பி பேசும் வேளையில் அந்த ஆரவாரமெல்லாம் அவன் காதில் விழும். “அக்கா, சற்று நேரம் பேசாமல் அப்படியே வைத்திரு” என்பான். நாங்கள் கத்தோலிக்கர்; ஆயினும் அந்த ஓசை அவனுக்கு ஊரின் ஓசை.

பின்னர்க் கேள்விகள் தொடங்கும். கிணற்றில் நீர் எத்தனை படி ஏறியிருக்கிறது? வெங்காயம் என்ன விலைக்குப் போனது? எதிர்வீட்டுப் பெரியம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? திருவிழாவில் தேருக்குத் தோள் கொடுத்தவர் யார் யார்? இவை அற்பச் செய்திகள் அல்ல. எகிப்து நாட்டின் ஆளுநராக உயர்ந்த யோசேப்பு, தம்மை யாரென்று அறியாமல் மறுமுறை வந்து நின்ற சகோதரரிடம், ‘முதியவரான உங்கள் தந்தை நலமா, இன்னும் உயிரோடு இருக்கிறாரா’ என்றே கேட்டார். எத்தனை உயரத்துக்குச் சென்றாலும், எத்தனை தொலைவில் இருந்தாலும், மனிதனின் உள்ளம் வீட்டு வாசலைத்தான் சுற்றி வருகிறது.

அவ்வாசலில் நின்று நாம் எதைச் சொல்கிறோம், எதை மறைக்கிறோம் என்பதே வினா. எங்கள் தெருவில் ஒரு குடும்பத்தார், தந்தை படுத்த படுக்கையாகிவிட்டதை வெளிநாட்டிலிருந்த மகனுக்கு ஆறு மாதங்கள் சொல்லவில்லை. ‘வேலை கெடும், மனம் உடையும்’ என்று அஞ்சினர். கேட்ட போதெல்லாம், ‘அப்பா தூங்குகிறார்’ என்றனர். அடக்கத்துக்கு வந்த மகன் அழுததைவிட அதிர்ந்ததே மிகுதி. “இத்தனை நாளும் நான் யாருடைய வீட்டோடு பேசிக்கொண்டிருந்தேன்?” என்று அவர் கேட்டார். அங்கிருந்த எவரிடமும் விடையில்லை. அவருக்குத் துயரத்தைத் தவிர்க்க எண்ணியவர்கள், தந்தைக்காகக் கவலைப்படவும் செபிக்கவும் ஒரு சொல் பேசவும் அவருக்கிருந்த உரிமையை அறியாமலே பறித்துவிட்டனர்.

விவிலியத்தில் நெகேமியா நூலின் தொடக்கம் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. பாரசீக மன்னரின் பணியில் சூசா நகரில் இருந்த நெகேமியாவிடம், யூதாவிலிருந்து அவருடைய சகோதரர் அனானி வந்தார். ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டவருக்கு, மதில் இடிந்து கிடக்கிறது, வாயில்கள் தீக்கிரையாயின, மக்கள் துன்புறுகின்றனர் என்ற செய்தியே கிடைத்தது. நெகேமியா அமர்ந்து அழுதார், நோன்பிருந்து மன்றாடினார், பின்னர் மன்னரிடம் விடைபெற்று ஊருக்கு வந்தார். 52 நாள்களில் மதில் எழுந்தது. ‘எருசலேமில் அனைவரும் நலம்’ என்று சொல்லப்பட்டிருந்தால், அந்த மதிலைக் கட்ட அவர் புறப்பட்டிருப்பாரா?

எங்கள் வீட்டிலும் அச்சோதனை வந்தது. அம்மாவுக்கு நெஞ்சில் அடைப்பு என்று மருத்துவர் கூறினார். “தம்பியிடம் சொல்லிவிடாதே, பிள்ளை அங்கே தனியாகக் கிடந்து கலங்குவான்” என்றார் அம்மா. தெருவில் கண்டது என் மனத்தில் இருந்தமையால், அன்றிரவே தம்பியிடம் சொன்னேன். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு மருத்துவர் சொன்னவை, செலவு, சிகிச்சைக்குரிய நாள் எல்லாவற்றையும் கேட்டான். ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையிடம் தன் பெயரால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னான். “அம்மாவிடம் கொடு” என்றான். எங்களுக்கு இரவு ஒன்பது மணி. அவனுக்கு மாலை ஆறரை. அம்மா கட்டிலில் சாய்ந்தபடியும், அவன் கடலுக்கு அப்பாலிருந்தும் செபமாலை சொன்னார்கள். விடுப்புக் கிடைக்காமல் அவனால் வர இயலவில்லை. ஆனால் சிகிச்சை முடியும்வரை அவன் எங்களோடு இருந்தான். எதிர்வீட்டுப் பெரியம்மா தம் முழங்கால் வலியோடு கோயிலுக்குச் சென்று அம்மாவுக்காக மாவிளக்கு ஏற்றியதையும் அவனிடம் சொன்னேன். “அவனுக்குத் தெரிந்த பிறகுதான் எனக்குப் பயம் தணிந்தது” என்றார் அம்மா.

உண்மை ஒரு திசையில் மட்டும் செல்வதன்று. 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் தீப்பற்றியது. 40க்கும் மேற்பட்ட இந்தியர் மாண்டனர். அவர்களுள் தமிழ்நாட்டைச் சேர்ந்தோர் எழுவர். தம்பி தங்கியிருப்பது வேறு பகுதி. ஆயினும், ‘நான் நலம்’ என்ற அவன் குரல் வரும்வரை எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அந்த வாரத்தில்தான், தான் எத்தனை பேருடன் எத்தகைய அறையில் உறங்குகிறான் என்பதை முதன்முறையாகச் சொன்னான். அதுவரை அவனும் ‘அனைவரும் நலம்’ என்ற வரியைத்தான் எங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான்.

நம் மண்ணுக்குக் குடிபெயர்ந்து வந்த ஓர் உடன்பிறப்பையும் நாம் அறிவோம். லிஸ்பனில் பிறந்து 1673இல் கோவாவில் கரையிறங்கிய புனித அருளானந்தர், 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டுண்டார். அவருடைய வாழ்வையும் மறைசாட்சியத்தையும் நூலாக எழுதியவர் அவர்தம் உடன்பிறந்த அண்ணனே. அந்நூல் 1722இல் போர்த்துக்கல்லில் அச்சேறியது. பாய்மரக் கப்பல் மாதக்கணக்கில் கடலில் அலைந்த அக்காலத்தில், தம்பியின் துன்பங்கள் வீட்டாருக்கு மறைக்கப்பட்டிருந்தால், அண்ணன் எழுதுவதற்கு என்ன இருந்திருக்கும்?

மறைக்காமல் சொல்வது என்பது எல்லாவற்றையும் கொட்டிவிடுவதன்று. அண்டை வீட்டுப் பூசலையும், உறுதியில்லாத வதந்தியையும் கடல் கடத்துவது புறங்கூறலாகும். பணம் அனுப்பத் தூண்டுவதற்காகத் துயரத்தைப் பெருக்கிச் சொல்வதும் பாவமே. சொல்லும் செய்தியில் உண்மையும் அளவும் பரிவும் இருத்தல் வேண்டும். கெட்ட செய்தியோடு, உடன் நின்றவர் யார் என்பதையும் சொல்லுதல் வேண்டும்.

இவ்வார இறுதியில் நம் இல்லங்களிலிருந்து எத்தனையோ அழைப்புகள் கடல் கடக்கும். மறுமுனையில் இருப்பவர் நமக்குப் பணம் அனுப்பும் விருந்தாளி அல்லர், இவ்வீட்டின் பிள்ளை. வீட்டின் நலத்தில் போலவே நோயிலும் நட்டத்திலும் அவருக்குப் பங்குண்டு. அப்பங்கை அவருக்கு மறுக்காதிருப்போம்.