பாங்கொலி எட்டாத அறை

 

கடல் கடந்து வாணிபம் செய்வது நம் சமுதாயத்தவருக்குப் புதிதன்று. நம் பாட்டனார்கள் கொழும்புக்கும் பினாங்குக்கும் ரங்கூனுக்கும் கப்பலேறிச் சென்றார்கள். அங்கெல்லாம் கரையிறங்கியதும் தமிழ் பேசும் ஜமாஅத்தும், நம்மூர்ச் சோறு கிடைக்கும் கடையும் அவர்களை வரவேற்றன. இன்று நம் பிள்ளைகள் சரக்கெடுக்கச் சீனாவுக்குச் செல்கிறார்கள். இதைப் படிக்கும் உங்கள் இல்லத்திலிருந்தும் ஒருவர் சென்று வந்திருக்கக் கூடும். அவர் கொண்டு வந்த பொருட்களைக் கண்டிருப்பீர்கள். அங்கே பூட்டிய விடுதி அறைக்குள் அவர் எப்படி வாழ்ந்தார் என்று கேட்டிருக்க மாட்டீர்கள். அதைத்தான் என் அனுபவத்திலிருந்து ஒளிவு மறைவின்றி எழுத விழைகிறேன்.

குவாங்சௌ நகரில் வசந்தத்தில் ஒரு முறையும் இலையுதிர் காலத்தில் ஒரு முறையும் மாபெரும் வணிகக் கண்காட்சி நடைபெறுகிறது. அந்நகரின் பழைய பெயரால் அதைக் கேன்டன் கண்காட்சி என்பர். 1957ஆம் ஆண்டு தொடங்கியது. 2024 அக்டோபரில், வீட்டு உபயோகப் பொருட்களுக்கான இரண்டாம் கட்டத்திற்குக் கண்ணாடிப் பாத்திரங்களும் பீங்கான் சாமான்களும் தேர்ந்தெடுக்கச் சென்றேன். 2020இல் நின்று போன நேரடி விமானங்கள் அப்போது மீண்டும் தொடங்கியிருக்கவில்லை. ஆகவே கோலாலம்பூர் வழியாகப் போக நேர்ந்தது. குவாங்சௌவில் நம்மவர் சிலர் தொழில் செய்து வாழ்கின்றனர். ஆயினும் எனக்கு அறிமுகமானவர் ஒருவரும் இலர். துணையின்றித் தனியே ஏழு இரவுகள் தங்கினேன்.

விடுதியின் வாசலில்

கண்காட்சி நடைபெறும் பாஜோ பகுதியில், முத்து ஆற்றின் தென்கரையில் அமைந்த நடுத்தர விடுதி அது. கடவுச்சீட்டை வாங்கிப் பதிவு செய்து, முகத்தையும் படம் எடுத்துக் கொண்டார்கள். அயல்நாட்டார் தங்கும் செய்தியைக் காவல் துறைக்குத் தெரிவிப்பது அங்கே விடுதியின் கடமை. நண்பர் வீட்டில் தங்குவோராயின் 24 மணி நேரத்திற்குள் தாமே பதிவு செய்தாக வேண்டும். வாடகையோடு ஒரு முன்பணமும் கேட்பார்கள். அறையைக் காலி செய்யும் போது அதைத் திருப்பித் தந்து விடுவார்கள். ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும்.

மின்தூக்கியில் ஏறிய போது நான்காம் எண்ணுக்கான பொத்தானைக் காணவில்லை. சீன மொழியில் நான்கு என்னும் சொல்லும் மரணம் என்னும் சொல்லும் ஏறத்தாழ ஒரே ஒலி உடையனவாம். எனவே பல கட்டடங்களில் மூன்றுக்கு அடுத்தது ஐந்து! நம்மூரில் எட்டாம் எண்ணைக் கண்டு அஞ்சுவோர் உண்டல்லவா? அங்கோ எட்டுதான் செல்வத்தின் எண்.

அறை தூய்மையாக இருந்தது. மின்கெண்டி, தேயிலைப் பொட்டலம், காகிதச் செருப்பு ஆகிய யாவும் இருந்தன. குளியலறைக்கும் படுக்கைக்கும் நடுவே சுவருக்குப் பதிலாகக் கண்ணாடி! நல்ல வேளையாக அதற்கொரு திரையும் வைத்திருந்தார்கள். கழிவறையில் காகிதம் மட்டுமே உண்டு. தண்ணீர்க் குழாய் இல்லை. ஊரிலிருந்து புறப்படும் போது என் மனைவி பெட்டிக்குள் திணித்த சிறு பிளாஸ்டிக் குவளையின் அருமை அப்போதுதான் விளங்கியது. சீனா செல்வோர் வேறு எதை மறந்தாலும் அதை மறக்க வேண்டாம்.

அறையின் குளிர்பெட்டியில் மதுப் புட்டிகள் வரிசையாக நின்றன. கீழே சென்று, வரவேற்பு மேசையில் இருந்த இளம் பெண்ணிடம் அவற்றை எடுத்துவிடுமாறு கேட்டேன். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்குச் சீனம் தெரியாது. கைப்பேசியில் பேசினால் அது மொழிபெயர்த்துச் சொல்கிறது. ஏன் என்று கேட்காமல் ஆளை அனுப்பி எடுத்துவிட்டாள். பிறகு, மேற்கு எந்தப் பக்கம் என்று கேட்டேன். கட்டடத்தின் இரும்புக்கிடையே என் கைப்பேசியின் திசைகாட்டி நிலைகொள்ளாமல் சுழன்று கொண்டிருந்தது. அவள் வாசலுக்கே வந்து, வீதியைப் பார்த்து, சூரியன் மறையும் பக்கத்தைக் கையால் காட்டினாள். குவாங்சௌவிலும் கிப்லா நம் தமிழகத்தைப் போலவே மேற்கில், சற்றே வடக்கு நோக்கிச் சாய்ந்துள்ளது. எத்தனை ஆயிரம் கல் கிழக்கே வந்தும் முகம் திருப்ப வேண்டிய திசை மாறவில்லை என்றறிந்த போது மனத்திற்கு இனம் புரியாத ஓர் ஆறுதல்.

தனிமை கேட்கும் கேள்வி

முதல் நாள் அதிகாலை விழித்தேன். பாங்கொலி இல்லை. திரையை விலக்கினால் எங்கும் விளக்கொளி. எவரும் எவரையும் அழைக்காத மௌனம். ஊரில் நான் ஸுப்ஹுத் தொழுகைக்கு வராவிட்டால் மோதினார் கேட்பார். ‘என்ன தம்பி, உடம்புக்குச் சுகமில்லையா?’ என்று முன் வரிசைப் பெரியவர் விசாரிப்பார். இங்கே நான் தொழுதாலும் தூங்கினாலும் கேட்பார் எவருமில்லை. நம் மார்க்கப் பற்றில் எவ்வளவு நம்முடையது, எவ்வளவு தெருவாருடையது என்று அந்த இருட்டில் எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. நேயர்களே, அந்தக் கேள்வியை ஊரில் இருக்கும் வரை நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் நேர்வதில்லை.

மற்றொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபின்படி, போகும் நாளும் வரும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்கள் ஓரிடத்தில் தங்க நிய்யத் வைத்தவருக்கு அங்கே கஸ்ருச் சலுகை இல்லை. ஹனஃபீ மத்ஹபில் இந்த வரம்பு 15 நாட்கள். நான் ஷாஃபிஈயைச் சார்ந்தவன். ஆகவே கண்காட்சியில் கால் கடுக்க நடந்து திரும்பிய இரவுகளிலும் நான்கு ரக்அத்தாகவே தொழ வேண்டியிருந்தது. முசாபிர் என்னும் சாக்கும் எனக்கு இல்லை!

இரண்டாம் நாளிரவு கதவிடுக்கின் வழியே ஓர் அட்டை உள்ளே வந்து விழுந்தது. ஒரு பெண்ணின் படமும் ஒரு தொலைபேசி எண்ணும் அதில் இருந்தன. அதன் பொருள் விளங்க மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. நம் குடும்பப் பத்திரிகையில் இதை எழுதலாமா என்று தயங்கினேன். ஆனால் நம் இளைஞர்கள் தனியே செல்லும் ஊர்களில் இத்தகைய அட்டைகள் வந்து விழுகின்றன என்பதை அவர்களை வழியனுப்பும் பெற்றோர் அறிய வேண்டாமா? அந்த நேரத்தில் என் மனம் கல்லாக இருந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். ஒருவரும் அறியப் போவதில்லை என்று ஒரு குரல் உள்ளிருந்தே பேசியது. அட்டையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, ஒளூச் செய்து, விரிப்பின் மேல் வந்து நின்றேன். இஹ்ஸான் என்றால் என்ன என்பதற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த விளக்கத்தை ஓதிய நாட்களில் மனப்பாடம் செய்திருந்தேன். அதன் பொருள் அன்றிரவுதான் என்னை வந்தடைந்தது.

மேசையிலும் அறையிலும்

மூன்றாம் நாள் பீங்கான் ஆலைக்காரர் ஒருவர் விருந்துக்கு அழைத்தார். அங்கே வாணிபத்தில் விருந்து ஒரு பாதி. வட்ட மேசையைச் சுற்றி எழுவர். மாறி மாறி மதுக் கிண்ணம் உயர்த்துவார்கள். மறுத்தால் அவமதிப்பாகுமோ, பேசி முடித்த விலை மாறிவிடுமோ என்னும் அச்சம் எனக்கும் இருந்தது. நான் முஸ்லிம், பன்றி இறைச்சியும் மதுவும் எங்களுக்கு விலக்கப்பட்டவை என்று விருந்து தொடங்கும் முன்பே சொன்னேன். ஆலைக்காரர் தலையசைத்தார். மதுவுக்கு ஈடாகத் தேநீரை உயர்த்துவது சீனருக்கும் பழக்கமான மரபே. அதற்கென அவர்கள் மொழியில் ஒரு சொற்றொடரும் உண்டு. தம் கையாலேயே எனக்குத் தேநீர் ஊற்றினார். அப்பகுதி வழக்கப்படி நானும் இரு விரல்களால் மேசையை மெல்லத் தட்டி நன்றி தெரிவித்தேன். மேசையில் மகிழ்ச்சி! மீனும் கீரையும் தனியே சமைக்கச் செய்து எனக்கு அளித்தார்கள். விலையும் மாறவில்லை. நாம் தெளிவாக முன்கூட்டிச் சொன்னால் அயலார் மதிக்கிறார்கள். நாமே மழுப்பினால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அறையைத் துப்புரவு செய்ய நடுத்தர வயது அம்மையார் ஒருவர் வருவார். ஒரு நாள் அவசரத்தில் தொழுகை விரிப்பைத் தரையிலேயே விட்டுச் சென்றிருந்தேன். மாலையில் திரும்பிய போது அது நேர்த்தியாக மடிக்கப்பட்டு மேசையின் மேல், மற்ற பொருட்களிலிருந்து விலகி இருந்தது. அதன் மேல் என் தொப்பி. மறுநாள் வேண்டுமென்றே விரித்து வைத்துச் சென்றேன். அதே போல் மடித்து அதே இடத்தில் வைத்திருந்தார். விரிப்பு கிடந்த இடத்தில் காகிதச் செருப்புகள் இருந்ததில்லை. அவற்றைக் கதவோரம் நகர்த்தியிருந்தார். அது என்னவென்று அவருக்கு நான் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. கால் வைக்கலாகாத பொருள் என்று மட்டும் உணர்ந்திருக்கிறார். புறப்படும் நாளன்று ஊரிலிருந்து கொண்டு சென்ற பேரீச்சம் பழப் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தேன். இரு கைகளாலும் வாங்கிக் கொண்டார்.

தூய்மையும் உண்மையும்

காலை உணவுக் கூடத்தில் எது பன்றி, எது பன்றிக் கொழுப்பு என்று பிரித்தறிவது கடினம். அவித்த முட்டையும் பழமுமே என் ஆகாரம். நான்காம் நாள் ஒரு சந்துக்குள் பச்சைப் பலகை ஒன்றைக் கண்டேன். ‘சிங் ஜென்’ என்னும் இரண்டு எழுத்துக்கள். தூய்மை, உண்மை என்பது அவற்றின் பொருள். ஹலாலுக்குச் சீன முஸ்லிம்கள் வழங்கும் பெயர் அதுவே. உள்ளே வெள்ளைத் தொப்பி அணிந்த ஹூயி இன முஸ்லிம் ஒருவர் மாவைக் கையால் இழுத்து இழுத்து நூலாக்கிக் கொண்டிருந்தார். வடமேற்கே லான்சௌ நகரத்தின் பெயரால் புகழ் பெற்ற மாட்டிறைச்சி நூடுல்ஸ் அது. ஸலாம் உரைத்தேன். அவர் நாவில் உச்சரிப்பு மாறியிருந்தாலும் பதில் ஸலாமை அறியாத செவியா நமக்கு? என் பெயர் கேட்டார், சொன்னேன். தம் நெஞ்சைத் தொட்டு ‘மா’ என்றார். ஹூயி மக்களிடையே மிகப் பரவலான குடும்பப் பெயர் அது. முஹம்மது என்னும் திருப்பெயரிலிருந்து வந்ததென்பர். 2020ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி அம்மக்கள் ஒரு கோடிக்கும் அதிகம்.

அவருடைய பலகையின் ஒரு மூலையில் எழுத்தை மறைத்துப் பூசிய சுவடு தெரிந்தது. 2019இல் பெய்ஜிங் நகரின் ஹலால் கடைகளில் அரபு எழுத்துக்கள் அகற்றப்பட்ட செய்தியை அறிவேன். சின்ஜியாங் மாநிலத்து உய்கர் முஸ்லிம்கள் குறித்து ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2022இல் வெளியிட்ட கவலை மிகுந்த அறிக்கையையும் அறிவேன். வாய் வரை கேள்வி வந்தது, கேட்கவில்லை. நான் நாளை விமானம் ஏறிவிடுவேன்; பதிலைச் சொன்னவர் அங்கேயே வாழ வேண்டும். அந்நாட்டில் நான் கண்ட மனிதர்களின் பண்பை எழுதும் கை, இந்தத் துயரத்தை எழுதாமல் கடந்து போகலாகாது.

வெள்ளியன்று சுரங்க ரயிலேறிச் சியன்சியன் பள்ளிவாசலுக்குச் சென்றேன். மரங்கள் அடர்ந்த வளாகம். நபித்தோழர் ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் அடக்கத்தலம் என்று அங்குள்ளோர் போற்றும் ஒன்று அங்கே இருக்கிறது. அந்தத் தோழர் மதீனாவுக்கு அருகே மறைந்து ஜன்னத்துல் பகீயில் அடக்கம் செய்யப்பட்டார் என்பதே நம் வரலாற்று நூல்களின் கூற்று. எப்படியாயினும் முற்காலத்தில் கடல் வழியே வந்த முஸ்லிம்களின் நினைவை அம்மண் காத்து வருகிறது. சீனர், அரபியர், ஆப்பிரிக்கர், வங்காளியர் என ஸஃப்புகள் நிறைந்திருந்தன. ஐந்து நாட்களுக்குப் பின் முதன்முறையாக என் தோளை மற்றொரு தோள் தொட்டது. கண்கள் கலங்கின.

மாலையில் ஹுவாய்ஷெங் பள்ளியையும் கண்டேன். நபிகளாரை நினைவு கூரும் பள்ளி என்பது பெயரின் பொருள். அதன் வட்ட மினாரா ஏறத்தாழ 36 மீட்டர் உயரம். ஒரு காலத்தில் ஆறு அருகே ஓடியதால், கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கும் அதன் உச்சியில் ஏற்றப்பட்டதாம். ஒளிக் கோபுரம் என்றே அதை அழைக்கிறார்கள்; தெருவின் பெயரும் அதுவே.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

அன்பு நேயர்களே! அந்த ஏழு நாட்களில் என்னை எழுப்பியது மோதினாருமல்லர், முன் வரிசைப் பெரியவருமல்லர். சிறு வயதில் என் உம்மா என்னை ஒருபோதும் அதட்டி எழுப்பியதில்லை. தலையைக் கோதி, ‘அல்லாஹ் உன்னைக் காத்துக்கிட்டு இருக்கான் வாப்பா’ என்பார்கள். அந்தக் குரல்தான் கடல் கடந்தும் என்னுடன் வந்தது. தெருவாருக்கு அஞ்சித் தொழுத பிள்ளைக்குத் தெரு முடியுமிடத்தில் தொழுகையும் முடிந்துவிடும். அன்பினால் பழக்கப்பட்ட பிள்ளைக்கு எந்த ஊரின் அறையும் பள்ளிவாசலே.

ஆகவே உங்கள் பிள்ளை பயணம் புறப்படும் போது பெட்டியில் விரிப்பையும் குவளையையும் வையுங்கள். இரவில் ஒரு முறையேனும் அழைத்து, சரக்கு என்ன விலை என்று கேட்கும் முன், சாப்பிட்டாயா, தொழுதாயா என்று அன்போடு கேளுங்கள். பயணத்திற்கு எவ்வளவோ முன்பே, அவன் உங்கள் மடியில் இருக்கும் போதே, யாரும் காணாத இடத்திலும் காண்பவன் ஒருவன் இருக்கிறான் என்பதை அச்சமாக அல்லாமல் துணையாகச் சொல்லிக் கொடுங்கள்.

தனிமையிலும் நேர்வழியில் நிலைத்திருக்கும் பாக்கியத்தை எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.