அப்பத்தா கால எங்க வைக்கும்?

உங்க வீட்டுலயும் ஒரு பழைய புல்லட் தூங்குதா பாஸ்? கையில ஸ்பேனரும் மனசுல ரேஸ் ஆசையும் இருக்கா? அப்போ இந்த மேட்டர் உங்களுக்குத்தான்.

முதல்ல ஊரைப் பார்த்துடுங்க. சிவகங்கை பக்கத்துல நாட்டரசன்கோட்டை. இங்க ஒரு தெருவுல வாசல், அடுத்த தெருவுல கொல்லைக் கதவு, ரெண்டும் ஒரே வீடு! முகப்புல நின்னா வளவு, ரெண்டாங்கட்டு எல்லாம் தாண்டி, அந்தப் பக்கத் தெருவுல போற ஆடு தெரியும். அப்படி ஒரு வீட்டோட பின்கட்டுலதான் எங்க ஐயாவோட 1984 மாடல் புல்லட் நின்னுச்சு. எனக்குப் பொங்கல் லீவு. பையில ஒரு ஜோடி ரியர்-செட்.

கெடு செவ்வாய்க்கிழமை. பொங்கல் முடிஞ்சு வர்ற முதல் செவ்வாய், இங்க ‘செவ்வாய்ப் பொங்கல்’. கண்ணுடைய நாயகி அம்மன் (ஊருக்குக் கண்ணாத்தா) கோயில் முன்னாடி நகரத்தார் குடும்பங்க நூற்றுக்கணக்குல பானை வைப்பாங்க. அப்பத்தாவை அங்க வண்டியில கொண்டுபோய் விடுறது என் டியூட்டி.

ரியர்-செட்னா ஃபுட்ரெஸ்ட், கியர், பிரேக் மூணையும் பின்னாடி தள்ளி, கொஞ்சம் உயரமா வைக்கிறது. வளைவுல வண்டி சாயும்போது ஃபுட்ரெஸ்ட் தரையில உரசாது, குனிஞ்சு காத்தைக் கிழிக்கலாம். ரேஸ் டிராக் சமாச்சாரம். 1960-கள்ல லண்டன் ஏஸ் கஃபே பசங்க இதைத் தெருவுக்குக் கொண்டு வந்தாங்க. 2013-ல வந்த நம்ம சென்னைத் தயாரிப்பு கான்டினென்டல் ஜிடி 535-லகூட கால் பின்னாடிதான்.

பழைய புல்லட்டுல ஒரு வேடிக்கை. கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல. ஃபர்ஸ்ட் மேலே, மத்த மூணும் கீழே. முன்னாடி நீட்டிக்கிட்டிருக்கிற கியர் லீவரை அப்படியே பின்பக்கம் திருப்பி மாட்டினா போதும், கால் எட்டிடும். ஆனா கணக்கு தலைகீழ் ஆயிடும்... ஃபர்ஸ்ட் கீழே, மூணு மேலே! கிக்கரும் அதே வலது பக்கம். உதைக்கிறப்போ ஃபுட்ரெஸ்ட்ல இடிக்கும், அதனால மடங்குற ஃபுட்ரெஸ்ட் அவசியம். இதெல்லாம் ஒரே நாள்ல முடிஞ்சுது. காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

மாட்டிக்கிட்டது பிரேக்குல. தெருவுல ஒரு ரவுண்டு போனேன். குறுக்க ஆடு. மிதிக்கிறேன், மிதிக்கிறேன்... வண்டி நிக்கல. முன் பிரேக்கைப் பிடிச்சு ஆட்டையும் என்னையும் காப்பாத்தினேன்.

சிவகங்கை லேத் பட்டறை அண்ணன் ஒண்ணுமே பேசல. டேப்பை எடுத்து அளந்தார். பழைய பெடல்ல கால் மிதிக்கிற இடம் அச்சுலேர்ந்து 20 செ.மீ., ராடு மாட்டுற கை 4 செ.மீ. அதாவது மிதிக்கிற பலம் அஞ்சு மடங்கா ராடுக்குப் போகும். புது பெடல் 12 செ.மீ.தான், கை அதே 4. மூணு மடங்கு! நூத்துக்கு நாப்பது காலி. “தம்பி என்ன படிக்கிறீங்க?”ன்னு கேட்டார். இன்ஜினீயரிங்னு சொல்ல வாய் வரல. நெம்புகோல் பாடத்துல நான் நல்ல மார்க் வேற!

கையை 2.4 செ.மீ.யாக் குறைச்சு அண்ணன் புது ஓட்டை போட்டார். பாதி மிதியில ராடும் கையும் செங்குத்தா இருக்கணும்னு சொல்லி ராடையும் சரி பண்ணார். பிரேக் லைட் சுவிட்ச்சுக்கு ஒரு சின்ன ஸ்பிரிங். பிரேக் இப்போ சும்மா கும்முனு பிடிச்சுது.

கம்பர் சமாதி வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். இந்தச் சின்ன ஊருலதான் கம்பர் அடங்கியிருக்கார்னு சொல்றாங்க. அந்த அமைதியில உட்கார்ந்தப்போதான் இடுப்பு வலிக்கிறதே தெரிஞ்சுது. ஹேண்டில்பார் அதே பழைய உயரம், கால் மட்டும் பின்னாடி. மேல் பாதி ஐயா, கீழ் பாதி ரேஸ்காரன். ஹேண்டில்பாரையும் இறக்கினாத்தான் இது ஒத்து வரும். ஆட்டுக்குப் பிரேக் போடுற ரோட்டுல அது எதுக்குங்க?

திங்கக்கிழமை சாயங்காலம் அப்பத்தா பின்கட்டுக்கு வந்துச்சு. வண்டியை ஒரு சுத்து சுத்திப் பார்த்துச்சு.

“ஏப்பா, நான் எங்கன கால வைக்கிறது?”

திக்குனு ஆச்சு. ரியர்-செட் பிளேட்டை மாட்டினதே பின்சீட்டு ஃபுட்ரெஸ்ட் இருந்த ஓட்டையில. இடது பக்கம் பிரேக் பெடல் இடிக்குதுன்னு சாரி கார்டையும் கழட்டி எறிஞ்சிருந்தேன். ஒரு பக்கமா உட்கார்ற ஆளுக்குக் கால் வைக்க இடமில்ல; முந்தானைக்கும் சக்கரத்துக்கும் நடுவுல வெறும் காத்து. முந்தானை ஸ்போக்ஸ்ல சுத்தினா என்ன ஆகும்னு நான் எழுத வேண்டாம். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 123-வது விதியே இதுக்குத்தான் இருக்கு: பின்னாடி உட்கார்றவருக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்துல பாதியாவது மறைக்கிற தடுப்பு கட்டாயம். பிரேக்குக்கு அவ்வளவு கணக்கு போட்ட எனக்கு இது தோணவே இல்ல. ஏன்னா வாங்கினப்போ பார்த்த படங்கள் ஒண்ணுலயும் பின்சீட்டுல ஆள் கிடையாது!

ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் எல்லாத்தையும் பழையபடி மாட்டினேன். அப்பத்தா டார்ச் பிடிச்சுச்சு.

செவ்வாய்க்கிழமை. மடியில அரிசி, வெல்லப் பையோட அப்பத்தா ஏறி, சாரி கார்டுல கால வச்சுச்சு. நான் ஸ்டைலா கிளட்சைப் பிடிச்சு, மூணு நாள் பழக்கத்துல கியரைக் கீழ மிதிச்சேன். விழுந்தது செகண்டு. வண்டி ஒரு துள்ளு துள்ளி, பொட்டுனு ஆஃப்.

பின்னாடியிருந்து குரல்: “ஏப்பா, இன்னும் எதுவும் கழட்டணுமா?”