சோலையிற் பாடும் நீலப் பறவை

பெண்ணையாற்றங்கரை மூங்கில்துறைப்பட்டில் வாழும் யான், எங்கள் கல்வராயன் மலையிற் காணாத பறவையொன்றை உதகைச் சோலையிற் கண்டேன். நீலமலைச் சோலைக்கிளி என்பர். கிளியினம் அன்று, மலையாள வழக்கிற் சிறுபறவைகளுக்குக் கிளியென்பது பொதுப்பெயர். கருநீல மேனியும் செந்நிற விலாவும் உடையது. பாட்டோ மெல்லிய சீழ்க்கை. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடபால், முகில் தவழும் மலைச்சோலைகளே அதன் உறைவிடம்.

2017-ஆம் ஆண்டில் அறிஞர் இதனைச் ‘சோலிகோலா’ என்னும் புதிய பேரினமாக வகுத்தனர். ‘சோலை’யொடு, உறைவதெனப் பொருள்படும் இலத்தீன் ஈறு புணர்ந்த பெயர் அது. திருமுறைகளில் தலந்தோறும் சோலையைப் பயின்ற நமக்கு இஃது உவகையே. ஆயினும், ஆங்கிலேயர் காலந்தொட்டுச் சோலைகள் தேயிலைக்காக வெட்டுண்டன. இடைப்பட்ட புல்வெளிகளைச் சீகையும் கற்பூரமரமும் கவர்ந்தன. எஞ்சிய சோலைத்துண்டுகளையே பற்றி வாழும் இப்பறவை, இன்று அழிவை அணுகும் உயிர்களின் வரிசையில் எண்ணப்படுகின்றது.