தூக்கம் தரும் வேர்

ஆடியில் அரை ஏக்கர் மானாவாரி நிலத்தில் அமுக்கரா விதைக்கலாம் என்று பெரியவர் விதை வாங்கி வந்திருந்தார. வேளாண்மைக் கல்லூரியில் படிக்கும் பேத்தி பொட்டலத்தை வாங்கிப் பார்த்தாள்.

"விதானியா சோம்னிஃபெரா. அபினிச் செடிக்கும் பாதிப் பேர் இதுதான் தாத்தா. பப்பாவர் சோம்னிஃபெரம்."

அவருக்குப் பகீரென்றது. "போலீஸ் வந்துருமா தாயி?"

பயந்ததில் தப்பில்லை. 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அபினி பயிரிட்டால் சிறைதான். ஆனால் பெயருக்கு அர்த்தம் வேறு. லத்தீனில் 'தூக்கம் தருவது' என்று பொருள். ஆங்கிலத்திலும் 'சோம்னிஃபெரஸ்' என்றொரு சொல் உண்டு. பேச்சில் யாரும் சொல்வதில்லை. 1753-ல் லின்னேயஸ் இரண்டு செடிக்கும் அந்த அடைமொழியை வைத்தார். மற்றபடி உறவு கிடையாது. அமுக்கரா கத்தரிக் குடும்பம். சொடக்குத் தக்காளி போலக் கூட்டுக்குள் பழம் இருக்கும். மத்தியப் பிரதேசத்தில் நீமச், மந்த்சௌர் பக்கம் இரண்டும் விளைகின்றன, அபினி மட்டும் உரிமத்தோடு. அந்தச் செடியின் விதைதான் கசகசா. பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபினி.

"அட, குருமாவுக்கு அதையா அரைச்சுக்கிட்டு இருக்கேன்!" என்றார் அப்பத்தா.

பெரியவர் சாகுபடியை விட்டுவிட்டார். "இந்த வேரைத் தின்னா எனக்குத் தூக்கம் வருமா?"

கிணற்றுத் தோட்டத்துக்கு மும்முனை மின்சாரம் நள்ளிரவுக்கு மேல்தான் வருகிறது. மோட்டார் போட்டுவிட்டு வந்து படுத்தால் விடியும் வரை புரளுவார்.

"அமுக்கரா சூரணத்தைப் பால்ல கலந்து குடிக்கச் சித்த மருத்துவத்துல சொல்றதுதான். வைத்தியர்கிட்ட கேட்டுக்கிட்டுச் சாப்பிடுங்க. அப்பத்தாவுக்குக் குடுத்துடாதீங்க, தைராய்டு மாத்திரை போடுறாங்க. தூக்க மாத்திரை போடுறவங்களும், கர்ப்பிணிகளும் தொடக்கூடாது."

பிறகுதான் பயிர்ப் பேச்சு. தண்ணீர் தேங்காத மண் வேண்டும், களிமண் ஆகாது. சுமார் 150 முதல் 180 நாளில் இலை காய்ந்து, பழம் சிவக்கும்போது செடியை வேரோடு பிடுங்கி, வேரை வெட்டிக் காயவைக்க வேண்டும். பருத்து, ஒடித்தால் உள்ளே வெள்ளையாக இருக்கும் வேருக்குத்தான் விலை.

ராத்திரி ஒன்றரைக்கு மின்சாரம் வந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு பெரியவர் கிணற்றடிக்குப் போனார்.