தொண்டரின் ஒரு நாள்

தொண்டு என்றவுடன் பெருங்கொடையும் பெருந்தியாகமுமே நம் நினைவில் எழுகின்றன. ஆயின், தொண்டரின் அன்றாடத்தில் பெரும்பொழுது நடப்பதிலும், காத்திருப்பதிலும், பிறர் சொல்வதைக் கேட்பதிலுமே கழிகின்றது.

1961ஆம் ஆண்டில் அமெரிக்க அமைதிப் படையின் இளைஞர்கள் நம் நாட்டிற்கு வந்தனர். 1976 வரை நீடித்த அப்பணியில், கோழி வளர்ப்பு, உழவு முதலிய துறைகளில் ஊராரோடு வாழ்ந்து உழைத்தனர். எந்தத் திறன் பெற்றிருப்பினும் அவர்கள் ஊரின் பேச்சை முதலில் கற்கவேண்டியிருந்தது. கடல் கடந்தோர்க்கு மட்டுமன்று, மைசூரிலிருந்து ஹனூர் செல்லும் நமக்கும் அதுவே முதற்பாடம்.

1997 வரை மைசூர் மாவட்டத்திலிருந்து, இன்று சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது ஹனூர். அங்குக் கன்னடம் ஊர்மொழி, மார்ட்டள்ளிப் பக்கம் சென்றால் தமிழ், காட்டோரங்களில் சோலிகர், ஒடெயரபாளையத்தில் திபெத்தியர். திபெத்திய ஏதிலியரைக் குடியமர்த்துவதற்கென 1968இல் தோன்றிய மைராடா நிறுவனம், பின்னர் நம் நாட்டு வறியோர்க்கும் தன் பணியை விரித்தது. 1980களில் அது வளர்த்த சிறு சேமிப்புக் குழுக்கள், 1992இல் நபார்டு வங்கி தொடங்கிய வங்கி இணைப்புத் திட்டத்திற்கு வழிகாட்டிகளுள் ஒன்றாயின.

விடுமுறை நாள்களில் இப்பகுதியின் மகளிர் குழு ஒன்றிற்குக் கணக்கெழுத உதவி வருகிறேன். எழுத்தனுக்குத் தெரிந்த தொண்டு அதுதானே! காலையில் பேருந்திறங்கி நடந்தால், பெண்கள் களையெடுத்துவிட்டு வருமட்டும் திண்ணையில் காத்திருத்தல் வேண்டும். பின்னர் வருகை, சேமிப்பு, கடன், வட்டி என ஒவ்வொன்றாக உரக்கப் படித்துப் பதிவேட்டில் ஏற்றுவோம். பணப்பெட்டி ஒருவர் வீட்டில்; சாவி மற்றொருவர் இடுப்பில்.

ஒருநாள் கைம்பெண் ஒருவர் கறவை மாட்டிற்குக் கடன் கேட்டார். வட்டிக்கடைக்குப் போனால் நிலத்தை எழுதிக் கேட்பார்கள் என்றார். முந்தைய கடன் தீர்ந்ததா என்ற வினா எழவும், எல்லாக் கண்களும் என்னை நோக்கின. அப்போது மூதாட்டி ஒருவர் கேட்டார்:

“சார், நீங்க வராத வாரம் இந்த நோட்டு என்ன சொல்லுதுன்னு எங்களுக்கு யாரு படிச்சுக் காட்டுவாங்க?”

அவ்வினாவில் நன்றியுமிருந்தது, அச்சமுமிருந்தது. கணக்கு யார் கையிலோ, அவர் சொல்லே தீர்ப்பாகிவிடும். வட்டிக்கடைக்காரரின் வலிமையும் ஓரளவு அதுவேயன்றோ? அன்றே ஒன்பதாம் வகுப்புவரை படித்திருந்த மருமகள் ஒருவர் பதிவேட்டை வாங்கிப் படித்தார். நான்கு தவணை கட்டியாயிற்று; ஒன்றே எஞ்சியது. அது கட்டியபின் மாட்டுக்கடன் தருவதென அவர்களே முடிவு செய்தனர். அன்றுமுதல் அம்மருமகளே எழுதுகிறார். நான் கூட்டலை மட்டும் சரிபார்க்கிறேன். இன்னும் சில திங்களில் அதுவும் வேண்டாதுபோகும்.

அயல்நாடு செல்லும் தொண்டரும் ஒருநாள் ஊர் திரும்பியே ஆகவேண்டும். அவர் விட்டுச்சென்ற வேலை அவரின்றி நடக்குமாயின், அதுவே தொண்டின் பயன்.