90-ஆம் எண் சாலையும் அத்தை வீடுகளும்

இஸ்ரேல் வரைபடத்தின் கிழக்கு ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இறங்கும். அதுதான் 90-ஆம் எண் சாலை. லெபனான் எல்லையில் மெதுலாவில் தொடங்கி, செங்கடலோரம் எகிப்து எல்லையான தாபாவில் முடிகிறது. ஏறக்குறைய 480 கிலோமீட்டர், நாட்டிலேயே நீளமானது. விடியலில் கிளம்பினால் இருட்டுவதற்குள் ஓட்டி முடித்துவிடலாம். வெளிநாட்டு யூதக் குடும்பத்துப் பிள்ளைகள் சிலருக்கு மட்டும் இதற்கு மாதக்கணக்கில் ஆகிறது.

காரணம், வழியெல்லாம் உறவு. 1999-ல் தொடங்கிய ‘பர்த்ரைட்’ திட்டம் வெளிநாட்டு யூத இளைஞர்களுக்குப் பத்து நாள் இலவசமாக நாட்டைச் சுற்றிக் காட்டுகிறது. இதுவரை வந்துபோனவர்கள் பல லட்சம் பேர். பத்து நாள் முடிந்ததும் பலர் திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு முதுகுப்பையோடு கிளம்பிவிடுகிறார்கள். அத்தை வீடு, பாட்டியின் தங்கை மகன் வீடு, பஸ்ஸில் பழகிய நண்பனின் வீடு. சுற்றுலா பஸ் காட்டாமல் கடந்ததெல்லாம் அதன் பிறகுதான் கண்ணில் படுகிறது.

வடக்கே கிர்யாத் ஷ்மோனாவில், புதிய வீடாக இருந்தால், விருந்தாளிக்குக் கிடைப்பது பெரும்பாலும் ‘மமாத்’. 1991 வளைகுடாப் போருக்குப் பிறகு புது வீடுகளில் கட்டாயமாக்கப்பட்ட கான்கிரீட் பாதுகாப்பு அறை அது. இரும்புக் கதவு, இரும்பு மூடி போட்ட ஜன்னல். உள்ளே ஒரு கட்டில், இஸ்திரி போடாத துணிக் குவியல், யாரும் தொடாத உடற்பயிற்சி சைக்கிள். பழைய கட்டடங்களில் அதுவும் கிடையாது, பொதுப் பதுங்கறைக்கு ஓட வேண்டும். எல்லையை ஒட்டிய ஊர்களில் சைரன் ஒலித்தபின் ஓடுவதற்கென்று அதிகாரிகள் தரும் அவகாசம் பூஜ்யம். 2023 அக்டோபரில் ஹிஸ்புல்லா ராக்கெட்டுகள் வரத் தொடங்கியதும் இந்த ஊரும் மெதுலாவும் காலி செய்யப்பட்டன. 2024 நவம்பர் கடைசியில் போர்நிறுத்தம் வந்த பிறகும் எல்லாரும் உடனே திரும்பிவிடவில்லை. இந்த ஊரே 1948-ல் காலியான அல்-காலிசா என்ற பாலஸ்தீன கிராமத்தின் நிலத்தில் எழுந்ததுதான். சாப்பாட்டு மேசையில் அந்தப் பேச்சு தானாக வராது. பயணி கேட்டால்தான் உண்டு.

அடுத்து ஹூலா பள்ளத்தாக்கு. 1950-களில் சதுப்பு நிலத்தை வடித்து வயலாக்கியதை நாடே கொண்டாடியது. பிறகு காய்ந்த கரிமண் தீப்பிடித்தது, நிலம் தாழ்ந்தது, மண்ணின் சத்தெல்லாம் கலிலேயக் கடலுக்கு ஓடியது. 1994-ல் ஒரு பகுதியில் திரும்பவும் தண்ணீர் விட்டார்கள். இப்போது குளிர்காலத்தில் பல்லாயிரம் கொக்குகள் வருகின்றன. அவை வேர்க்கடலை வயலில் இறங்காதிருக்க, மக்காச்சோளம் வாங்கிப் போட்டு வளர்க்க வேண்டியிருக்கிறது.

கலிலேயக் கடலின் தென்முனையில் தெகானியா, 1910-ல் பிறந்த முதல் கிபுட்ஸ், அதாவது கூட்டுப் பண்ணை. சொத்து பொது, சமையல் பொது என்று தாத்தா சொன்ன கதைகளோடு வரும் பேரப்பிள்ளைக்கு இங்கே சின்ன ஏமாற்றம் காத்திருக்கும். 2007-லேயே இங்கே வேலைக்குத் தகுந்த சம்பளம் என்று மாற்றிவிட்டார்கள். பக்கத்தில் கின்னெரெத் இடுகாட்டில் கவிஞர் ராகேலின் கல்லறை. அவர் முகம்தான் இருபது ஷெகல் நோட்டில் இருக்கிறது.

சப்பாத் ஓய்வுநாளுக்காக வெள்ளி மதியத்தோடு பெரும்பாலான பஸ்கள் நின்றுவிடும். சாலையோரம் நின்று ஆள்காட்டி விரலைத் தரையை நோக்கி நீட்டினால் யாராவது ஏற்றிக்கொள்வார்கள். அதே நேரம் பட்டாளத்திலிருந்து வீடு திரும்பும் அத்தை மகளின் தோளில் துப்பாக்கி, கையில் அழுக்குத் துணி மூட்டை. வயது பத்தொன்பது. அவளுடைய அண்ணன் கட்டாயப் பட்டாளப் பணி முடித்து, இந்தியாவில் கோவாவும் கசோலும் சுற்றிவிட்டு வந்தவன்; அறைச் சுவரில் யானை அச்சிட்ட விரிப்பு தொங்கும்.

பெய்த் ஷெயானுக்குத் தெற்கே ஒரு சோதனைச் சாவடி. அதைத் தாண்டினால் 1967 முதல் இஸ்ரேல் பிடித்து வைத்திருக்கும் மேற்குக் கரை. அத்தை மகன் காரின் வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை. இந்தத் துண்டுக்கு ‘காந்தி சாலை’ என்று பெயர். நம் ஊர்க்காரர் நிமிர்ந்து உட்கார வேண்டாம். அந்தக் ‘காந்தி’ ரெஹவாம் ஸெயெவி என்ற தளபதி. இளமையில் மொட்டையடித்துத் துணி சுற்றி நின்றதால் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். பாலஸ்தீனர்களை வெளியேற்ற வேண்டும் என்று கட்சி நடத்தியவர், 2001-ல் சுட்டுக் கொல்லப்பட்டவர். இதைவிடப் பொருந்தாத பெயரை ஒரு சாலைக்கு வைத்துவிட முடியாது. மஞ்சள் நம்பர் பலகை இஸ்ரேலியக் கார். வெள்ளையில் பச்சை எழுத்து என்றால் பாலஸ்தீனக் கார். எரிகோவுக்குத் திரும்பும் இடத்தில், இஸ்ரேலியர் உள்ளே போவது சட்டவிரோதம் என்று சிவப்புப் பலகை எச்சரிக்கும். அமெரிக்க பாஸ்போர்ட் மட்டும் வைத்திருக்கும் விருந்தாளி போகலாம், கூட்டிவந்த உறவுக்காரர் போக முடியாது.

சாக்கடலோரம் இதுவே உலகின் மிகத் தாழ்வான சாலை; கடல் மட்டத்துக்கு 390 மீட்டருக்கும் கீழே. யோர்தான் ஆற்றின் நீரை இஸ்ரேல், சிரியா, யோர்தான் மூன்றும் மேலேயே எடுத்துக்கொள்கின்றன. தெற்கே பொட்டாஷ் ஆலைகளும் உறிஞ்சுகின்றன. ஆண்டுக்குச் சுமார் ஒரு மீட்டர் நீர்மட்டம் இறங்க, கரை உள்வாங்கிக் குழிகள் விழுகின்றன. 2015-ல் ஐன் கெதி அருகே இதே சாலையின் ஒரு துண்டை மூட வேண்டியதாயிற்று. ஆனால் ஐன் பொகேக் ஓட்டல்களின் கவலை வேறாக இருந்தது. அவை நிற்பது ஆவியாக்கும் குளத்தின் கரையில். அடியில் உப்பு படியப் படிய அங்கே தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது.

மசாதா மலைக்கோட்டையில் 1960-களில் தோண்டியபோது கிடைத்த பேரீச்சை விதைகள் சுமார் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையானவை. அவற்றில் ஒன்றை 2005-ல் இதே சாலையில் தெற்கே உள்ள கெதூரா கிபுட்ஸில் வேளாண் ஆய்வாளர் எலைன் சோலோவே நட்டார். முளைத்தது. மெதுசேலா என்று பெயர் வைத்தார்கள். வளர்ந்த பிறகு பார்த்தால் ஆண் மரம். வேறொரு பழைய விதையிலிருந்து வந்த ‘ஹன்னா’ இதன் மகரந்தத்தால் 2020-ல் காய்த்தது. கெதூராவை 1973-ல் நிறுவியவர்களே அமெரிக்க யூத இளைஞர்கள்தான். தங்கிப் பார்க்கலாம் என்று வந்து தங்கியே விட்டவர்கள். வழிநெடுக உள்ள அராவா பண்ணைகளில் குடைமிளகாய் பறிப்பவர்களோ பெரும்பாலும் தாய்லாந்துக்காரர்கள். அவர்களை யாரும் இலவசச் சுற்றுலாவுக்கு அழைக்கவில்லை.

யோத்வாதாவில் எல்லாரும் சாக்லேட் பாலுக்கு நிற்பார்கள். பிறகு எய்லாத். தாபா என்ற கடைசித் துண்டு நிலம் நடுவர் தீர்ப்புக்குப் பின் 1989-ல் எகிப்துக்குப் போயிற்று, கடலோர ஓட்டலோடு. எல்லைக்கு அப்பாலுள்ள சினாய்க்குப் போகாதே என்று அரசு எச்சரிக்கிறது, அத்தையும் போனில் அதையேதான் சொல்கிறாள். அவள் மகனோ, அந்தப் பக்கத்துக் கடற்கரைக் குடிசை எய்லாத் அறையைவிட மலிவு என்று கணக்குச் சொல்லி, பாஸ்போர்ட்டை எடு என்கிறான்.