அத்தை தைத்த கரடி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

ஒரு நாட்டுத் தலைவரின் செல்லப் பெயரைப் பெற்ற பொம்மை டெடி கரடி. அந்தப் பெயர் வந்த கதையைப் பலரும் அறிந்திருக்கலாம். 1902 நவம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பி மாநிலத்துக் காட்டுக்குக் கரடி வேட்டைக்குச் சென்றார். அவருக்குக் கரடி அகப்படவில்லை. உடன் சென்றவர்கள் ஒரு கரடியைப் பிடித்து மரத்தில் கட்டி வைத்து, சுடும்படி அவரை அழைத்தனர். கட்டிக் கிடக்கும் விலங்கைச் சுடுவது வேட்டையாகாது என்று அவர் மறுத்துவிட்டார். அடிபட்டுத் துடித்த அந்தக் கரடியைக் கத்தியால் கொன்று அதன் வேதனையைத் தீர்க்கும்படி அவரே சொன்னார் என்பதைக் கதை சொல்வோர் பெரும்பாலும் விட்டுவிடுவர். கிளிஃபோர்ட் பெரிமன் என்ற ஓவியர் இந்நிகழ்ச்சியைக் கேலிச்சித்திரமாக வரைந்து 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழில் வெளியிட்டார். அதைக் கண்டு, நியூயார்க் நகரத்துப் புரூக்ளின் பகுதியில் மிட்டாய்க் கடை வைத்திருந்த மாரிஸ் மிக்டம், ரோஸ் என்னும் தம்பதியர் துணிக் கரடி ஒன்று தைத்துக் கடையில் வைத்தனர். 'டெடியின் கரடி' என்று அதற்குப் பெயரிட்டனர். டெடி என்பது ரூஸ்வெல்ட்டின் செல்லப் பெயர்.

சுடாமல் விட்டவர் பெயர் நிலைத்துவிட்டது. தைத்தவர் பெயரை எத்தனை பேர் அறிவோம்?

அதே 1902-ஆம் ஆண்டில், கடலுக்கு அப்பால் ஜெர்மனியின் கீங்கன் என்ற சிற்றூரிலும் ஒரு கரடி உருவாகிக்கொண்டிருந்தது. அவ்வூரில் 1847-இல் பிறந்த மார்கரெட் ஸ்டைஃப் என்ற பெண்மணி ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதத்துக்கு ஆளானவர். கால்கள் இரண்டும் நடக்க உதவவில்லை. வலது கையிலும் வலுவில்லை. சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்தார். அவர் தையல் கற்றார். தையல் இயந்திரத்தின் சக்கரத்தை வலக்கையால் சுற்ற முடியாததால், இயந்திரத்தையே திருப்பி வைத்துக்கொண்டு இடக்கையால் சுற்றினார். 1880-இல் அவர் ஊசி குத்தி வைப்பதற்காகத் தைத்த சிறிய யானையைக் குழந்தைகள் விளையாட எடுத்துக்கொண்டன. அதுவே ஒரு பொம்மைத் தொழிலாக வளர்ந்தது. அவருடைய மருமகன் ரிச்சர்ட், விலங்குக் காட்சிசாலையில் கரடிகளைப் பார்த்து வரைந்து, கைகால் அசையும் கரடியை வடிவமைத்தார். 1903-இல் லைப்சிக் நகரப் பொருட்காட்சியில் ஓர் அமெரிக்க வணிகர் 3,000 கரடிகள் கேட்டார். 1907-இல் மட்டும் அந்தத் தொழிற்சாலை செய்தவை 9,74,000!

இவற்றை நான் படித்து முடித்தபோது என் நினைவில் நின்றது கரடியன்று. திருப்பி வைத்த அந்தத் தையல் இயந்திரந்தான். ஏனெனில் அப்படி ஒருவர் எங்கள் வீட்டிலும் இருக்கிறார்.

அவர் என் தந்தையின் அக்காள்; எனக்கு அத்தை. இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரு கால்களும் சூம்பிவிட்டன. நாடு முழுவதும் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கியது 1995-இல். இயற்கையான போலியோ கிருமியால் இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தை பாதிக்கப்பட்டது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் நம் நாடு போலியோ அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. இவையெல்லாம் அத்தைக்குக் காலந்தாழ்ந்து வந்த நற்செய்திகள். பள்ளிக்குத் தூக்கிச் செல்ல ஆளில்லாததால் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. மிதிக்கும் இயந்திரம் அவருக்கு ஆகாது. தரையில் பலகை போட்டு, கையால் சுற்றும் இயந்திரத்தில்தான் முப்பது ஆண்டுகளாக ரவிக்கை தைக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். சேர்க்கையன்று நான் கட்டிய பணம் அந்தக் கைச்சக்கரம் சுற்றி வந்த பணம்.

சென்ற ஆண்டு என் அக்காள் மகளுக்குக் காது குத்து வைத்திருந்தார்கள். குழந்தைக்கு ஒன்றரை வயது. "கடையில வாங்கற பொம்மை மூணு நாள்ல முடி கொட்டுது. நாமளே தைச்சா என்ன தாயி?" என்றார் அத்தை. நான் பழைய கரடிகளின் படங்களைக் காட்டினேன். அக்காலத்துக் கரடி இன்றைய கடைக் கரடி போலக் கொழுகொழுவென்று இராது. நீண்ட மூக்கு, முழங்காலைத் தாண்டும் கைகள், பெரிய பாதங்கள், முதுகில் ஒரு திமில். உண்மையான கரடியைப் பார்த்து வரைந்தது அல்லவா?

அத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நம்ம மலைக் கரடிக்கு நெஞ்சுல வெள்ளையா ஒரு கோடு இருக்கும்னு அப்பா சொல்லுவாரே" என்றார். தாத்தா போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காவல் இருந்தவர். அவர் சொன்னது உண்மை. நம் நாட்டுக் கரடியின் மார்பில் வெளிறிய வளைகோடு உண்டு. தன் குட்டியை முதுகில் சுமந்து திரிவதும் அதன் வழக்கம். ஆகவே வடிவம் ஜெர்மனியினுடையது, நெஞ்சு நம் மலையினுடையது என்று முடிவாயிற்று.

ஜெர்மானியர் அங்கோரா ஆட்டின் மயிரால் நெய்த மோஹேர் துணியில் தைத்தனர். அதற்கு நாங்கள் எங்கே போவது? தாத்தா மலையில் போர்த்திய கருங்கம்பளி பெட்டியில் இருந்தது. அத்தை அதைப் பூந்திக்கொட்டை போட்டு வெந்நீரில் அலசினார். கம்பளி சுருங்கித் தடித்தது. வெட்டினாலும் நூல் பிரியாது. காய்ந்தபின் கம்பிச் சீப்பால் சீவ, மேலே மயிர் எழும்பி நின்றது.

பழைய நாட்காட்டி அட்டையில் அச்சு வெட்டினோம். பதினான்கு அங்குல உயரம். தலைக்கு மூன்று துண்டுகள்: பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, மூக்கிலிருந்து பிடரிவரை ஓடும் நடுத்துண்டு ஒன்று. நடுத்துண்டு இல்லாமல் தைத்தால் தலை தோசைபோல் தட்டையாகிவிடும். உருண்டையான பரப்பைக் கிழிக்காமலும் இழுக்காமலும் தட்டையாக விரிக்க இயலாது என்பது காஸ் என்ற கணித மேதை 1827-இல் எழுதிய ஆய்விலிருந்து கிடைக்கும் முடிவு. தட்டையை உருண்டையாக்கவும் அதே தடைதான். கைகளுக்கும் கால்களுக்கும் இடம் வலம் மாற்றி வெட்ட வேண்டும். எல்லாத் துண்டுகளிலும் மயிர் கீழ்நோக்கிப் படியவேண்டும். அத்தை ஒவ்வோர் அட்டையிலும் அம்புக்குறி போட்டுக்கொண்டார். எனக்குப் பாடத்தில் விளங்காமலிருந்த ஒன்று, அவர் நடுத்துண்டின் ஓரத்தில் சிறு சுருக்கம் பிடித்துக் கழுத்து வளைவைக் கொண்டுவந்தபோது கண்ணுக்கு முன்னால் நடந்தது.

கழுத்து, இரு கைகள், இரு கால்கள் ஆக ஐந்து மூட்டுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வட்டத் தகடுகள். என் பிளஸ் டூ பரீட்சை அட்டையைத் தெருக்கோடித் தச்சரிடம் கொடுத்துப் பத்து வட்டங்கள் அறுத்துத் துளையிட்டு வாங்கினேன். ஒரு தகடு கைக்குள்ளே, ஒரு தகடு உடம்புக்குள்ளே. நடுவில் போல்ட்டு, வாஷர், நட்டு. பஞ்சு அடைத்தபின் மூட்டு தளரும். ஆகையால் முதலிலேயே இறுக்கமாக முடுக்க வேண்டும்.

பழைய ஜெர்மன் கரடிகளுக்குள் அடைத்தது மரச்சுருள். பின்னாளில் இங்கிலாந்தில் இலவம் பஞ்சும் அடைத்தார்கள். இலவம் பஞ்சுக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமா? போடியில் வாங்கிய கால் கிலோ போதுமானதாக இருந்தது. மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, மூக்கில் துணி கட்டிக்கொண்டு அமர்ந்தோம். இல்லாவிட்டால் பஞ்சு வீடெங்கும் பறக்கும். மூக்கு நுனியில் முதலில் கெட்டியாக அடைத்து, குச்சியால் குத்திக் குத்தி உட்செலுத்தி, கடைசியில் முதுகை மூடினார் அத்தை. கண்ணுக்கு மட்டும் பழைய முறையைக் கைவிட்டோம். அக்காலத்தில் பூட்ஸ் பொத்தானைக் கண்ணாக வைத்தார்கள். குழந்தை பிய்த்து விழுங்கிவிடக்கூடும் என்று அத்தை கறுப்பு நூலாலேயே கண் தைத்தார். பாதத்துக்கு அப்பாவின் பழைய காக்கிச் சட்டை. நெஞ்சில் வெள்ளைக் கம்பளி நூல். "நகம் எத்தனை?" என்று கேட்டார். கரடிக்கு ஐந்து விரல் என்றேன். ஐந்தும் போட்டார்.

ஸ்டைஃப் நிறுவனத்தார் 1904 முதல் தங்கள் பொம்மைகளின் காதில் ஓர் உலோகப் பொத்தானை அடையாளமாகப் பதித்தனர் என்று சொன்னேன். அத்தை சிரித்துவிட்டார். "அங்கயும் காது குத்தறாங்களா?" என்று கேட்டு, கரடியின் இடக்காதில் சிவப்பு நூலால் ஒரு சிறு முடிச்சுப் போட்டார்.

குலதெய்வக் கோவிலில் விழா நடந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய குழந்தை, என் தம்பியின் மடியைவிடக் கரடியின் மடியே மேல் என்று பிடிவாதம் பிடித்தது. விசேஷ நாட்களில் ஓர் ஓரமாக அமர்ந்திருக்கும் அத்தையைச் சுற்றி அன்று ஒரு கூட்டம். டவுனில் ஃபேன்சி கடை வைத்திருக்கும் ஓர் அம்மையார் கரடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பத்துப் பொம்மை தைச்சுக் குடுங்க, ஒண்ணுக்கு இருநூறு ரூபா தாரேன்" என்றார்.

அத்தை என்னைப் பார்த்தார். "கணக்குச் சொல்லு தாயி."

கணக்கு என்னிடம் இருந்தது. தைக்கும்போதே நேரம் குறித்திருந்தேன். மொத்தம் 31 மணி நேரம். அச்சு தயாராக இருப்பதால் அடுத்த கரடிக்கு 22 மணி போதும். ரவிக்கை தைத்தால் அத்தைக்கு மணிக்கு ஏறத்தாழ 60 ரூபாய் கிடைக்கும். அந்தக் கணக்கில் 22 மணிக்கு 1,320 ரூபாய். பஞ்சு, நூல், போல்ட்டு முதலியவற்றுக்கு 140. கம்பளியைச் சேர்க்காமலே 1,460. இருநூறுக்குக் கொடுத்தால் பொருட்செலவு போகக் கையில் நிற்பது 60 ரூபாய். அதாவது மணிக்கு மூன்று ரூபாய்கூட இல்லை.

"ஆயிரத்து ஐநூறும்மா" என்றார் அத்தை. குரல் உயரவுமில்லை, குழையவுமில்லை. ரவிக்கைக்குப் பத்து ரூபாய் குறைத்துக் கேட்டால் மறுபேச்சின்றிக் குறைப்பவர் அவர். அந்த அம்மையார் "இந்த விலைக்கு யார் வாங்குவா?" என்று சிரித்துக்கொண்டே பந்திக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவுக்கு வருத்தம். "ரெண்டாயிரம் ரூபா வந்திருக்கும். ஆயிரத்து ஐநூறு வரும்னு உக்காந்திரு, இலவு காத்த கிளி மாதிரி" என்றார். அவர் கூறியதிலும் நியாயம் இல்லாமலில்லை. அந்த மாதம் வட்டி கட்டவேண்டியிருந்தது.

அத்தை இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னார்: "கிளிக்குத்தான் இலவங்காய்க்குள்ள ஒண்ணுமில்ல. எனக்குப் பஞ்சு இருக்கு."

இன்றுவரை ஆயிரத்து ஐநூறு கொடுத்து ஒருவரும் வாங்கவில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ரவிக்கைக்குக் கூலி குறைத்துக் கேட்போரிடம் அத்தை இப்போது எத்தனை மணி நேர வேலை என்று எடுத்துச் சொல்கிறார். சிலர் கொடுக்கிறார்கள், சிலர் வேறு தையற்காரரிடம் போகிறார்கள்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டிற்கு முதல் பட்டதாரிகளாகப் போகிறோம். களத்திலும் சூளையிலும் தறியிலும் அடுப்படியிலும் கழிந்த மணிகளைத்தான் கட்டணமாகக் கட்டியிருக்கிறோம். அந்த மணிகளை யாரும் எழுதி வைத்ததில்லை. வகையீடும் தொகையீடும் கற்கும் நாம், விடுமுறைக்கு வீடு செல்லும்போது ஒரு நாள் நம்மவர் பக்கத்தில் உட்கார்ந்து, செய்த வேலையையும் பிடித்த நேரத்தையும் பெற்ற கூலியையும் ஒரு தாளில் எழுதிப் பார்ப்போம். கூட்டலும் வகுத்தலும் போதும். விடையை அவர்களுக்குப் படித்துக் காட்டுவோம். விலையை அவர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

கரடியின் அச்சட்டைகள் நூலில் கோத்து எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகின்றன. மேலட்டையில் அத்தையின் கையெழுத்தில் 22 என்று எழுதியிருக்கிறது.